ராமநாதபுரம் கடற்கரையில் சும்மா கிடக்கும் மனை: கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கீழக்கரை, ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் பின்னாலேயே பத்து சென்ட், இருபது சென்ட் இடங்கள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். இடித்துப் போட்ட ஐஸ் கம்பெனி, கைவிட்ட கருவாட்டுக் களம், மூடிய படகுப் பட்டறை, பாகம் பிரியாத குடும்பச் சொத்து என்று பல வகை. அப்படி ஓர் இடத்தை வாங்கவோ, குடும்பத்தில் வந்த இடத்தில் வீடோ கடையோ கட்டவோ நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்ப இடத்துக்காக, எங்கே போய் எதைக் கேட்பது என்றே தெரியாமல் நீண்ட காலம் அலைந்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தின் கடிதம் எங்கே என்பார்கள். வரிசை தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

மனதில் வைக்க வேண்டியது இது: நிலத்துக்கு நல்ல விலை போகும் ஊரில், நடு ஊரில், ஓர் இடம் இத்தனை காலம் சும்மா கிடந்தால் அதற்குக் காரணம் இருக்கும். குடும்பச் சண்டையை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் நான்கில் ஒன்று. தண்ணீர் நிற்கும், தாளில் கோளாறு இருக்கும், கடற்கரைச் சட்டம் தடுக்கும், அல்லது மண் கெட்டிருக்கும். எந்தக் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. காரணம் தெரிந்த பிறகு கட்டலாமா, எப்படிக் கட்டலாம் என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

1. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரிசையை முடிவு செய்யுங்கள்

செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். நடந்து பார்ப்பதற்கும் கணினியில் பதிவேடு பார்ப்பதற்கும் அநேகமாகக் காசு இல்லை. மட்டம் எடுக்க (நிலத்தின் உயரத்தை அளக்க) சில ஆயிரம். ஆய்வகத்துக்கு அதைவிடக் கூட. துளை போட்டு மண் பரிசோதிக்க இன்னும் கூட. முதல் இரண்டிலேயே இடம் தேறாது என்று தெரிந்தால் மற்ற செலவு மிச்சம்.

பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. தரகர் அவசரப்படுத்துவார், அட்வான்ஸ் போகும், அப்புறம்தான் விசாரிக்கத் தொடங்குவார்கள். விற்பவர் உண்மையிலேயே அவசரத்தில் இருந்தால், சிறிய தொகைக்குக் கிரய ஒப்பந்தம் எழுதி, "சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்) நிலை, நீர்நிலை வகைப்பாடு, மண் பரிசோதனை இவற்றில் ஏதாவது பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். நம் கரையில் ஓர் இடத்துக்குத் தண்ணீர் மூன்று பக்கமிருந்து வரும்.

முதலாவது வானம். வருஷ மழை குறைவான மாவட்டம் என்பதால் வெள்ளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்து இறங்குகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 40 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் சுமார் 16,000 லிட்டர். பத்து சென்ட் மனையில் 1,60,000 லிட்டர். அது உங்கள் மனையில் விழும் தண்ணீர்தான். மேட்டிலிருந்து ஓடி வருவது தனிக் கணக்கு.

இரண்டாவது கண்மாய். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிச்சம் ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது. தெற்கே குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. வடக்கே கோட்டக்கரையாறு பாக் நீரிணையில் விழுகிறது. இடையில் நூற்றுக்கணக்கான கண்மாய்களும் ஊருணிகளும் ஒன்றுக்கொன்று கால்வாயால் கோத்துக் கிடக்கின்றன. வறண்ட வருஷங்களில் வரத்துக்கால் (தண்ணீர் வரும் கால்வாய்) எது, மறுகால் (மிச்சம் போகும் கால்வாய்) எது என்றே கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) பாயும் வருஷம்தான் உங்கள் மனை பழைய மறுகால் என்று தெரிய வரும். அதனால் இடத்தின் மேற்குப் பக்கம் எந்தக் கண்மாய், எந்த ஊருணி இருக்கிறது, அதன் கலுங்கு எந்தத் திசையில் திறக்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். கலுங்கிலிருந்து கடல் வரை தண்ணீர் போகும் தடத்தைக் கால்நடையாகப் பின்தொடர்வதற்கு ஈடான ஆய்வு எந்த வரைபடத்திலும் இல்லை.

மூன்றாவது கடல். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் வாடைக் காற்றும் சேர்ந்தால் கரையோரம் கடல் மட்டம் உயரும். அப்போது வாறுகால் (தெரு வடிகால்) கடலில் சேரும் வாய் அடைபட்ட மாதிரி ஆகிவிடும். உள்ளேயிருந்து வரும் மழைத் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கும். சில இடங்களில் கடல் தண்ணீரே வாறுகால் வழியாக ஊருக்குள் ஏறும். நம் ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் இந்த மூன்றும் ஒரே நாளில் சேரும்போதுதான். ஆகவே "கடல் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர்" என்ற ஆறுதல் போதாது. உங்கள் தெரு வாறுகாலின் வாய் எங்கே, எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள். "வரும், உடனே வடிஞ்சிரும்" என்பதுதான் பதிலாக வரும். "கடைசியா எந்த வருஷம் வந்தது? எத்தனை நாள் நின்னது? எந்தப் படி வரைக்கும்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்பது நல்லது. அடுப்படிக்குள் தண்ணீர் வந்த வருஷம் அவர்களுக்கு மறக்காது. எத்தனை அடி நின்றது என்பதைவிட எத்தனை நாள் நின்றது என்பது முக்கியம். இரண்டு அடி வந்து இரண்டு மணி நேரத்தில் போனால் சமாளிக்கலாம். அரை அடி பத்து நாள் நின்றால் சுவரும் கழிவறையும் கெட்டுப்போகும்.

இடத்திலேயே சில அடையாளங்கள் கிடைக்கும். கோரை முளைத்திருந்தால் தண்ணீர் நிற்கும் இடம். உமரி படர்ந்திருந்தால் உப்பு ஏறிய மண். அடும்புக் கொடி படர்ந்த மேடு மணல்மேடு. அதைக் கலைப்பது சட்டப்படி குற்றமாகலாம், ஐந்தாவது, ஒன்பதாவது பகுதிகளில் சொல்கிறேன். பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, காரை உதிர்ந்திருக்கிறதா, எந்த உயரம் வரை என்று பாருங்கள். பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்தும் புதிய வீடுகள் ஐந்தாறு படி உயர்ந்தும் இருந்தால், சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே உங்கள் வெற்று மனைதான் தெருவின் தொட்டி.

காலம்: இந்த வேலையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள். சித்திரையில் பார்த்து மயங்கி வாங்கிய மனைகள் நிறைய உண்டு. மழை நாளில் ஒருமுறை, மழை விட்ட மூன்றாம் நாள் ஒருமுறை, அமாவாசை ஏற்றத்தின்போது ஒருமுறை போய், ஒவ்வொரு முறையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் இன்ஜினியருக்கும் அலுவலகத்துக்கும் அந்தப் படங்கள் உதவும்.

3. மட்டம் எடுங்கள்

செயற்கைக்கோள் உயரத் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள ஊரில் அது பயன்படாது. ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரை அழைத்து மட்டம் எடுப்பதுதான் வழி. சின்ன மனைக்கு ஒரு நாள் வேலை.

சர்வேயர் மனையின் நான்கு மூலைகளை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு விடாதீர்கள். மனை நடு, சாலை நடு, பக்கத்து வீட்டுத் தளம், தெரு வாறுகாலின் அடி, அந்த வாறுகால் கடலிலோ ஊருணியிலோ சேரும் இடத்தின் அடி, அக்கம்பக்கத்தார் காட்டிய வெள்ளக் குறி, கரையில் ஏற்றத் தண்ணீர் தொடும் கோடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொடரில் எடுக்கச் சொல்லுங்கள். வாறுகால் வாயின் அடி, ஏற்றத் தண்ணீர்க் கோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் ஏற்ற நேரத்தில் தண்ணீர் வடியாது. இந்த ஒரு எண்ணுக்காகத்தான் இவ்வளவும்.

எல்லாம் கடல் மட்டக் கணக்கில் இருக்க வேண்டும். அருகில் நில அளவைத் துறையின் மட்டக்கல் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். சரிபார்க்க அது கைகொடுக்கும். "ஒரு கல்லை 100 என்று வைத்துக்கொண்டேன்" என்று சர்வேயர் கொடுக்கும் தாள் மனைக்குள் கட்ட உதவும், வெள்ளக் கணக்குக்கு உதவாது.

4. தாள்கள்

பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். வெற்று மனைக்கு அதற்கு மேலும் சில வேண்டும்.

அ-பதிவேட்டுப் பிரதி. இதில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். நன்செய், புன்செய், நத்தம் என்றால் சரி. ஊருணி, கண்மாய், வாய்க்கால், ஓடை, உப்பளம், கடற்கரைப் புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குக் கையில் பட்டா இருந்தாலும் நீதிமன்றம் போனால் நிற்பது கடினம்.

இப்போதைய பதிவேடு மட்டும் போதாது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பாருங்கள். பழையதில் ஊருணி என்று இருந்து புதியதில் புன்செய் ஆன இடங்கள் உண்டு. பழைய பதிவேடு கணினியில் கிடைக்காது. ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் மனு கொடுக்கலாம். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் சர்வே எண், கிராமம், எந்தப் பதிவேட்டின் பிரதி என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "விவரம் தரவும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

புலப்படம் (சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்). இ-சேவைத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள எண்களையும் இறக்கி ஒட்டிப் பாருங்கள். நீளமாக, ஒடுக்கமாக ஒரு உட்பிரிவு ஓடினால் அது பாதையாகவோ கால்வாயாகவோ இருக்கும். உங்கள் மனைக்கு இரண்டு பக்கமும் கால்வாய் தெரிந்து, மனையில் மட்டும் காணாமல் போயிருந்தால் கேள்வி கேளுங்கள்.

நகராட்சி எல்லைக்குள் நகர அளவைப் பதிவேடும் உண்டு. வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வரும். பத்திரத்தில் பழைய சர்வே எண், வரியில் புதிய எண் என்று கலந்து கிடக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று சர்வே பிரிவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் பின்னால் ஒவ்வொரு மனுவும் திரும்பி வரும்.

மனைப்பிரிவில் உள்ள இடம் என்றால் அது நகர் ஊரமைப்பு அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைப்பிரிவாக வரன்முறை ஆனதா என்று பாருங்கள். கோயில் நிலமா, வக்பு நிலமா என்பதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் இந்தக் கேள்வி அவசியம்.

5. சி.ஆர்.இசட். எல்லைக்குள் வருகிறதா?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தை எல்லோரும் சி.ஆர்.இசட். என்றே சொல்கிறார்கள். 2011-இல் ஒரு அறிவிக்கை, 2019 ஜனவரியில் இன்னொன்று. 2019 அறிவிக்கையின் சலுகைகள் அதன்படி தயாரித்து அனுமதித்த மேலாண்மை வரைபடம் உள்ள இடத்தில்தான் செல்லும். ஆகவே முதல் கேள்வி, "என் சர்வே எண்ணுக்கு இன்றைக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது?" என்பது. மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவின் கோப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும். அங்கே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள் இவை. உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தில் தண்ணீர் ஏறித் தொடும் கடைசிக் கோடு) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை மண்டலம். தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். வற்றிக் கிடக்கும் நேரத்தில் கரையைக் காட்டி "தூரமா இருக்கு பாருங்க" என்று சொல்வது வழக்கமான தந்திரம். அடுத்தது கழி. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடை மனைக்குப் பின்னால் இருந்தால் அதன் கரையோரமும் மண்டலத்துக்குள் வரும்: 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், 2019-இல் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. ராமேஸ்வரம் தீவில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் ஒரு பக்கம் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள்.

மண்டலத்துக்குள் வந்தால் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பவளப்பாறை, அலையாத்தி, ஆமை முட்டையிடும் கரை, மணல்மேடு, உவர்ச் சதுப்பு இவை முதல் வகை. அங்கே வீடு, கடை பற்றிய பேச்சே வேண்டாம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதால் வனத்துறையிடமும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாம் வகை, ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி. இருக்கும் சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் கட்டலாம். கடல் பக்கம் கட்ட முடியாது. மூன்றாம் வகை ஊரகப் பகுதி. 2019 அறிவிக்கைப்படி, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர் வரை கட்டத் தடை. அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர் வரை தடை.

சொந்தக் குடியிருப்பு, மொத்தக் கட்டடப் பரப்பு 300 சதுர மீட்டருக்குள் என்றால் 2019 அறிவிக்கை உள்ளாட்சி அமைப்பே அனுமதிக்க இடம் தருகிறது, அவர்கள் சி.ஆர்.இசட். விதிகளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடை, விடுதி, பெரிய கட்டடம் என்றால் முழு மனு. அதற்கு 1:4000 அளவில் உயர் அலைக் கோடு குறித்த வரைபடம் வேண்டும், அதன் மேல் உங்கள் கட்டட வரைபடம் பொருத்தியிருக்க வேண்டும். கூடவே 7 கிலோமீட்டர் சுற்றளவு வரைபடம், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை, இடர் மேலாண்மை அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று. வரைபடத்தை அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் போட வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலை உணர்வு நிறுவனம் அப்படி ஒன்று. உள்ளூர் வரைவாளர் போட்ட படம் செல்லாது. முழுமையான மனு கிடைத்த 60 நாளில் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் பரிந்துரை தர வேண்டும் என்று விதி. இங்கே "முழுமையான" என்ற சொல்தான் விஷயம். ஒரு தாள் குறைந்தாலும் கணக்கு தொடங்காது. வரைபடம் வாங்கும் காலத்தையும் சேர்த்து, பாதி வருஷத்துக்குக் குறையாமல் திட்டமிடுங்கள்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். "20,000 சதுர மீட்டருக்குக் கீழே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம்" என்பார்கள். அது 2006 அறிவிக்கைப்படியான அனுமதி. உண்மைதான், சின்ன மனைக்கு வேண்டாம். ஆனால் சி.ஆர்.இசட். தனி. அது வேண்டாம் என்பதால் இது வேண்டாம் என்று ஆகாது. அடுத்து, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வேகமான முறைதான். ஆனால் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பின்னால் சி.ஆர்.இசட். கோடு மனைக்குள் விழுந்தால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

ராமநாதபுரம் நகரை ஒட்டி இடம் பார்க்கிறவர்களுக்குச் சி.ஆர்.இசட். வராமல் போகலாம். ஆனால் சக்கரக்கோட்டை கண்மாய் பறவைகள் சரணாலயம். 2025-இல் ராம்சார் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்துவிட்டது. அதன் கரையை ஒட்டிய மனை என்றால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

6. அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது?

ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், படகுப் பட்டறை, மீன் பதப்படுத்தும் கூடம், குப்பை கொட்டிய பள்ளம், இறால் பண்ணை. இவற்றில் எது இருந்தது என்று விசாரியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களை வருஷவாரியாகப் பார்க்கலாம். குளமாக இருந்தது எப்போது மேடானது என்பது பளிச்சென்று தெரியும்.

அடுத்து மூன்று நான்கு இடத்தில் ஆள் வைத்து இடுப்பளவு குழி தோண்டிப் பாருங்கள். அரை நாள் கூலிதான். மேலே அழகான சவுடு மண் இருந்து, ஒரு அடிக்குக் கீழே பாலித்தீன், கண்ணாடி, கறுப்புச் சேறு வந்தால் குப்பைமேட்டை மூடி விற்கிறார்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் கருஞ்சேறு வந்தால் பழைய சதுப்பு. டீசல் வாடையோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் முடிவெடுக்க வேண்டாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று பார்த்து, பெட்ரோலிய எண்ணெய், ஈயம், செம்பு, குரோமியம் கேளுங்கள். படகு வண்ணத்தில் ஈயமும் செம்பும் இருந்திருக்கும் என்பதால் பட்டறை இடத்துக்கு இது கட்டாயம். எண்ணெய் பார்க்கும் மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் முடிவு நம்பும்படி இருக்காது.

உப்புச் சோதனை மலிவு. வேளாண் துறை மண் ஆய்வகத்திலேயே மின் கடத்துதிறன் பார்த்துவிடுவார்கள். மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேல் இருந்தால் உவர் மண் என்று கணக்கு. கோடையின் கடைசியில் மண் எடுங்கள். உப்பு மேலே ஏறி நிற்பது அப்போதுதான். மழைக்குப் பிறகு எடுத்தால் கழுவப்பட்டுக் குறைவாகக் காட்டும். தண்ணீருக்கு கார்த்திகை, உப்புக்கு வைகாசி என்று இரண்டு பருவம் தேவைப்படுவதால்தான் இந்த வேலையை அவசரமாக முடிக்க முடியாது என்கிறேன்.

7. நிலத்தடி நீர்

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி வரை ஏறக்கூடும். ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் உங்கள் கிணறு மட்டுமின்றி பக்கத்து உறைகிணறும் உப்பாகிவிடும். 2011 அறிவிக்கைப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை உண்டு, உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு விலக்கு. 200 முதல் 500 மீட்டர் வரை வேறு வழி இல்லாதபோது சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம்.

பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிக்க, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் நல்லது. வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை. கான்கிரீட்டுக்கு வேறு கணக்கு: கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டுமானத்துக்கு வெளியிலிருந்து லாரித் தண்ணீர். அந்தச் செலவை மதிப்பீட்டில் முதலிலேயே சேருங்கள்.

8. மண் தாங்குமா, கம்பி நிற்குமா?

ஒரு மாடிக்கு மேல் என்றால் துளை போட்டு எஸ்.பி.டி. (மண்ணின் தாங்குதிறன் பார்க்கும்) பரிசோதனை செய்யுங்கள். இயந்திரம் பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து வர வேண்டும். வண்டி வரும் செலவே பெரிது. அதே வாரத்தில் ஊரில் வேறு யாராவது துளை போடுகிறார்களா என்று கேட்டுச் சேர்ந்து செய்தால் செலவு பாதியாகும். அறிக்கையில் நிலத்தடி நீர் மட்டம், மண்ணின் சல்பேட், குளோரைடு மூன்றும் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் தாங்குதிறன் மட்டும் வரும்.

கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 விதி (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) எம்30 வலிமையுள்ள கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. கடல் தெளிப்பு நேராகப் படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். எம்20 போட்டுவிட்டுப் பத்து வருஷத்தில் சன்ஷேடு உதிர்வதை ஊர் முழுக்கப் பார்க்கிறோம். ஒப்பந்தத்தில் இதை எழுத்தில் வையுங்கள்.

9. நிரப்புவதா, தூக்குவதா?

தாழ்ந்த மனை என்றதும் எல்லோரும் சொல்வது "நாலு லாரி சவுடு அடிச்சா சரியாப் போகும்" என்பது. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். உங்கள் மனையில் நின்ற தண்ணீர் எங்கும் மறைந்துவிடாது, பக்கத்து வீட்டுக்குள் போகும். அந்த வீடு பெரும்பாலும் உங்களைவிட வசதி குறைந்தவருடைய வீடாக இருக்கும். சி.ஆர்.இசட். பகுதியில் நிலத்தைத் தூர்ப்பதும் மணல்மேட்டைக் கலைப்பதும் தடைசெய்யப்பட்டவை. சவுடு எடுக்கவும் கனிமவளத் துறை அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத லாரி பிடிபட்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மட்டம் எடுத்த தாளில் தண்ணீர் போகும் தடம் தெரியும். அந்தத் தடத்தைக் கட்டாமல் விட்டுவிடுங்கள். வண்டி நிறுத்த, மரம் வைக்க அது போதும். கட்டடத்தை மட்டும் வெள்ளக் குறிக்கு மேல் குறைந்தது இரண்டு அடி தளம் வரும்படி வைத்து, இடம் மோசமென்றால் தூண் மேல் தூக்கி, கீழே தண்ணீர் ஓட விடுங்கள். மதில் சுவரின் அடியில் தண்ணீர் போகத் திறப்பு வையுங்கள். மின் இணைப்புப் பெட்டியும் மோட்டாரும் குறிக்கு மேலே. மழைநீர்ச் சேகரிப்பு எப்படியும் கட்டாயம்; மணல் பாங்கான மனையில் கூரைத் தண்ணீரை உறைகிணற்றுப் பக்கம் இறக்கினால் கிணற்றில் உப்பு குறையும். களி மனையில் அது இறங்காது, தொட்டிதான் கட்ட வேண்டும்.

செப்டிக் தொட்டியை அடியும் சுவரும் கசியாத கான்கிரீட்டில் கட்டுங்கள். ஐப்பசியில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்கு வந்துவிடும் மனையில் உறை இறக்கிய தொட்டி, கழிவை நேராகப் பக்கத்துக் கிணற்றில் சேர்க்கிறது.

10. செலவும் காலமும்

பதிவேடுகள், வில்லங்கம், தகவல் உரிமை மனு எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய். மட்டம் எடுப்பது, குழி தோண்டுவது, உப்பு, தண்ணீர்ச் சோதனைகள் சில ஆயிரங்களில் முடியும். எண்ணெய், உலோகச் சோதனையும் துளைப் பரிசோதனையும் பல்லாயிரம். அங்கீகார நிறுவனத்தின் சி.ஆர்.இசட். வரைபடம் இவை எல்லாவற்றையும்விடக் கூடும். அதற்குக் கட்டண மதிப்பீட்டை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பத்திரப் பதிவுக்கே மதிப்பில் 9 சதவீதம் கட்டுகிறோம். இருபது லட்ச ரூபாய் மனைக்கு அது 1,80,000. சாதாரண வீட்டு மனைக்கு இந்தச் சோதனைகள் அந்தத் தொகையைத் தொடாது.

நான் சொல்லும் நாட்காட்டி இது. ஆவணியில் பதிவேடுகளுக்கும் தகவல் உரிமைக்கும் மனு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் பார்ப்பது, மழை விட்டதும் மட்டம். தை, மாசியில் சி.ஆர்.இசட். கடிதமும் குழி தோண்டலும். வைகாசியில் உப்புச் சோதனை, துளைப் பரிசோதனை. அதன் பிறகு பதிவு, வரைபட அனுமதி. அஸ்திவாரம் தோண்டுவதை மழைக்கு முன் முடிக்க முடியாதென்றால் தைக்குத் தள்ளிப்போடுங்கள். கார்த்திகையில் திறந்த குழி குளமாகிவிடும்.

இன்ஜினியரிடம் போகும்போது ஒரே கோப்பாகக் கொடுங்கள்: தேதியிட்ட வெள்ளப் படங்கள், மட்டத் தாள், அ-பதிவேட்டின் பழைய புதிய பிரதிகள், ஒட்டிய புலப்படம், சி.ஆர்.இசட். பதில் கடிதம், மண், தண்ணீர் அறிக்கைகள். எல்லாவற்றிலும் ஒரே சர்வே எண் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலத்தை யாரிடமும் விட்டு வராதீர்கள், பிரதி மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு நிலவரம் கேட்கப் போனால், முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட பிரதியைத்தான்.